துடைத்த கன்னம்

ஈரப் பஞ்சில் குழைத்த ‘பான்கேக்’ பூச்சு முகத்தில் படுகிற முதல் நொடி குளிரும். பிறகு காயும், காயக் காயத் தோலை இழுத்துப் பிடிக்கும், சிரித்தால் வாயோரம் மெல்ல வெடிக்கும். நனைந்த சுண்ணாம்புச் சுவரும் வாசனைப் பவுடரும் கலந்தது போன்ற ஒரு மணம். தகரக் கூரையின் வெக்கைக்குள், வரிசையில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்ற சின்னப் பிள்ளைகளான எங்கள் எல்லாருக்கும் அந்த ஒரே பஞ்சு, அந்த ஒரே டப்பா. இப்போது எந்தக் கலைவிழாவுக்குப் போனாலும் அந்த மணம் என்னை மேடைக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. மேடையில் என்ன நடக்கிறது என்பது பிறகுதான் கண்ணில் படும்.

மல்லாவிக்கு அங்கால், வாய்க்கால் கரையோடு இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பவிட்ட பிறகு அவசரத்தில் எழுப்பிய கொட்டகை அது. மேலே தகரம், சுவருக்குப் பதிலாகத் தறப்பாள். மழைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிப் படிப்போம், வெயிலுக்கு மற்றப் பக்கமாக ஒதுங்கிப் படிப்போம். எங்களுடையது மலையில் இருந்து, தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றார்கள். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் என் தங்கச்சி கௌசி.

கௌசியின் இடது காதடியில் இருந்து உதட்டோரம் வரைக்கும் ஒரு தழும்பு இருந்தது. கடைசிச் சண்டையில், பதுங்குகுழி வாசலில் வைத்து ஷெல் துண்டு கிழித்தது. மருந்தும் இல்லை, நேரமும் இல்லை. யாரோ ஒருவர் இழுத்துத் தைத்துவிட்டார். தைத்த இடம் தடித்து, மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ‘தைச்ச சாக்கு’. அவளும் சும்மா விடமாட்டாள். “உன்ர வாயைத் தைச்சிருந்தா ஊருக்கே நிம்மதி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். ஆனால் வீட்டில் தண்ணீர் வாளிக்குள் முகம் தெரிந்தால், கையை விட்டுக் கலக்கிவிட்டுத்தான் அள்ளுவாள்.

நான் ஐந்தாம் வகுப்பிலும் அவள் மூன்றாம் வகுப்பிலும் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் சிலர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்ற கதை வந்தது. அவர்கள் மனம் வைத்தால் கல்லுக் கட்டடம் கிடைக்கும். வரவேற்புக்குக் கோலாட்டம் ஆடுவதென்று முடிவாகி, நானும் கௌசியும் தெரிவானோம். ஆட்டத்தில் அவளுக்கு எதிர்க்கோல் நான்.

பழக்கியவர் நடன ரீச்சர். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஊர். கிழமை முழுக்க இங்கே தங்கிப் படிப்பித்தார். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெடியனோ பெட்டையோ, கறுப்போ மாநிறமோ, எல்லா முகத்துக்கும் ஒரே நிறத்தைப் பூசுவது அவருடைய வழக்கம். “தூர இருந்து பாக்கிறவைக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்டு மாதிரித் தெரியோணும்” என்பார். கழுத்துக்குப் பூசக் காணாது. அதனால் பூசி முடிந்தவர்களைப் பார்த்துப் பூசாதவர்கள் கத்துவார்கள்: “முகம் லண்டன், கழுத்து மல்லாவி!” 

விழாவுக்கு முதல்நாள் ஒத்திகைக்கே ரீச்சர் பெட்டியைத் திறந்தார். கௌசியின் முறை வந்தபோது பஞ்சை வைத்துவிட்டு, அவள் நாடியைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தைக் கன நேரம் பார்த்தார். பிறகு மெழுகு போல ஒன்றை விரலில் எடுத்துத் தழும்பின் ஓரங்களில் நிரவி, அதன்மேல் பூசி, காயவிட்டு, மறுபடி பூசினார். கடைசியில் கைக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார்.

“ரீச்சர், இது நான்தானோ?”

“நீதானடி. வாயை ஆட்டாதை, வெடிக்கப்போகுது.”

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் கௌசி புத்தகப் பையைக் காற்றுக்கு மறைவாக முகத்தின் முன் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “கதைக்காதையண்ணா, எனக்குச் சிரிப்பு வரும்” என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

குசினிக்குள் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் எழும்பவில்லை. குந்தியிருந்தபடியே கௌசியைக் கிட்ட இழுத்து, கன்னத்தைத் தொடாமல், விரலை ஒரு நூல் இடைவெளியில் வைத்துக் காதடியில் இருந்து உதடு வரைக்கும் கொண்டுபோனார். 

“முன்ன இப்பிடித்தான் இருந்துச்சு எம் புள்ள மொகம்” என்றார். “நான் மறந்தே போயிட்டேன்.”

காயத்துக்கு முந்திய கௌசியின் படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. இருந்த ஒன்றிரண்டையும் ஓடிய ஓட்டத்தில் எங்கோ விட்டுவிட்டோம். நாளைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் படம் எடுப்பார்கள் என்று நான் சொன்னதும் அம்மாவுக்கு அதிலேயே நினைவு விழுந்துவிட்டது. ஒரு படம், இந்த முகத்தோடு ஒரே ஒரு படம். கௌசிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவள் முகம் கழுவவில்லை. உதட்டில் படாமல் அம்மா சோற்றை உருட்டி வாய்க்குள் போட, அண்ணாந்து வாங்கிக்கொண்டாள். சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

காலையில் பூச்சு பாதி உதிர்ந்து தழும்பு எட்டிப் பார்த்தது. அதற்காக அம்மா கலங்கியதாகத் தெரியவில்லை. தைலம் முடிந்து கிடந்த சின்னத் தகர டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு எங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். 

“டீச்சரம்மா, அந்த மருந்துல கொஞ்சம் இதுல வச்சுக் குடுங்க. தெனமும் பூசுனா ஆறிப்போகும்.”

மற்றத் தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. “அது மருந்தில்லையம்மா” என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. “விழா முடியட்டும், பாப்பம்” என்று மட்டும் சொல்லி, கௌசியின் முகத்தைத் துடைத்துக் கழுவி, மறுபடி மெழுகு வைத்து, முதல்நாளை விடவும் நன்றாகப் பூசிவிட்டார். டப்பாவைக் கையில் பொத்தியபடி அம்மா ஓரமாக நின்றார்.

வாகனம் சந்தி கடந்துவிட்டது என்று பெடியள் ஓடிவந்து சொன்ன நேரத்தில்தான் பள்ளிக்கூட அதிபர் மேடைக்குப் பின்பக்கம் வந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனவர், கடைசியில் நின்றார்.

“அந்தக் காயப் பிள்ளை எங்கை?”

கௌசி அவருக்கு முன்னால்தான் நின்றாள்.

“இவள்தான் சேர்” என்றார் ரீச்சர், பெருமையாக.

அதிபர் குனிந்து பார்த்தார். “என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்? ஆர் உங்களை இதை மறைக்கச் சொன்னது?”

“பிள்ளை ஆசைப்பட்டவள் சேர். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால்தானே ஆட்டத்துக்கு வடிவு.”

“ஆட்டத்தை ஆர் பாக்கினம்? அவையள் இருக்கிற இடத்தில இதைவிட நல்ல ஆட்டம் கிழமைக்குக் கிழமை நடக்குது. இதுகளைப் பாக்கத்தான் அங்கையிருந்து வருகினம்.” அவருடைய விரல் கௌசியின் கன்னத்தைக் காட்டியது. “எங்களுக்குக் கட்டடம் வேணுமோ, வேண்டாமோ? துடைச்சுப்போட்டு முன்வரிசையில விடுங்கோ.”

“முழுக்கத் துடைச்சுத் திருப்பிப் பூச நேரமில்லை சேர்.”

“அந்தப் பக்கத்தை மட்டும் துடையுங்கோ. மற்றப் பக்கம் கிடக்கட்டும்.”

பூச்சைக் கழற்றத் தேங்காயெண்ணெய்தான். ரீச்சர் பஞ்சை எண்ணெயில் தோய்த்தார். கௌசி இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள். “கையை எடு பிள்ளை” என்று ரீச்சர் கெஞ்சினார். அவள் எடுக்கவில்லை. அதிபர்தான் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கி, துடைத்து முடியும் வரைக்கும் விடாமல் வைத்திருந்தார். எரிச்சலோடு என்று சொல்ல முடியாது. தடுப்பூசி போடும்போது பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி, அது அவளுக்கு நல்லதென்ற முகத்தோடுதான் பிடித்திருந்தார். 

“அழாதை என்ன, மை கரைஞ்சிடும்” என்றார் ரீச்சர். அவருடைய கண்ணில்தான் அப்போது தண்ணீர் நின்றது.

அம்மா ஓரடி முன்னுக்கு வந்தார். “ஐயா, ஒரு போட்டோ மட்டும் புடிச்ச பெறகு தொடைக்கலாங்களா?”

“போட்டோவுக்குத்தானேயம்மா துடைக்கிறம்” என்றார் அதிபர்.

அம்மா பின்னுக்குப் போய்விட்டார். படித்தவர்கள் சொன்னால் ஒரு காரணம் இருக்கும் என்று அப்பா எங்களுக்கு எப்போதும் சொல்வார். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 

கௌசி ஆடினாள். வலது கன்னம் லண்டன். இடது கன்னத்தில் எண்ணெய் பட்டு, வெயிலில் தழும்பு மினுங்கியது. ஓர் அடியும் தவறவில்லை. வட்டம் சுற்றுகிற ஆட்டம் என்பதால் பாதி நேரம் அவளுடைய பூசிய பக்கம் சபைக்குத் தெரிந்தது. முன்னுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவள் தலையை இடது தோளில் சாய்த்துக்கொண்டாள். எதிர்க்கோல் போட்ட எனக்குத்தான் அது தெரியும்.

வந்தவர்களில் ஓர் அம்மா, பட்டுச்சேலை, நேர்த்தியான மேக்கப், ஆட்டம் முடியும் முன்பே எழும்பி வந்து கௌசியைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதார். அவருடைய மை கரைந்து கன்னம் முழுக்க வடிந்தது. அவரை யாரும் அழ வேண்டாமென்று சொல்லவில்லை. கமெரா வைத்திருந்தவர், “பிள்ளை, இந்தப் பக்கம் திரும்புங்கோ, இன்னும் கொஞ்சம், தலையை நிமித்துங்கோ” என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். வலது கன்னம் ஒரு படத்திலும் வரவில்லை. 

அடுத்த வருசம் கட்டடம் வந்தது. அதோடு அவர்கள் அடித்த கலண்டரும் வந்தது. தை மாதத்துக்கு மேலே கௌசியின் எண்ணெய்க் கன்னம். அதிபரின் அறையில் அதை மாட்டினார்கள். அம்மா ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “தொடைச்சதும் போயிருச்சு, அந்த மருந்து சரியில்ல” என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் ‘தைச்ச சாக்கை’ விட்டுவிட்டார்கள். புதுப்பெயர் ‘அரை மேக்கப்’. அதற்குத் திருப்பிக் கொடுக்க கௌசியிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வாயாடியை நான் இழந்தது அந்தப் பெயரோடுதான்.

அதன் பிறகும் ஆட்கள் வந்தார்கள். நூலகத்துக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, கணினிக்கு. வாகனச் சத்தம் கேட்டால் அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை வகுப்பு வாசலில் வந்து நிற்கும்: “கௌசி அக்காவை அதிபர் வரட்டாம்.” கணக்குப் பாடமோ பரீட்சையோ, எழும்பிப் போக வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டபோது எழும்பினாள். அலுவலகப் பக்கம் போகாமல், பையை எடுத்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டி வீட்டுக்கு வந்தாள். அவ்வளவுதான் அவள் படித்தது. அப்பா அடித்தார், அம்மா சோறு போடாமல் பார்த்தார். அவள் அசையவில்லை. அவளுடைய கன்னம் கட்டிய கட்டடத்தில் இருந்துதான் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன், பிறகு உயர்தரம், பிறகு பல்கலைக்கழகம்.

இப்போது நானும் ஓர் ஆசிரியன். சின்னப் பிள்ளைகள் சாதாரண நாட்களிலேயே உதட்டுச் சாயத்தோடு வருகிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் கவலைப்படுகிறார்கள். வாகனங்கள் வருவது நின்றுபோய்க் கன காலம். தறப்பாள் இல்லை, கலண்டர் இல்லை, அந்த அதிபரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். நடன ரீச்சர் மாற்றலாகிப் போன இடம் தெரியாது. 

கௌசி சொந்தமாக ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். ஊரில் கலைவிழா என்றால் விடிந்ததும் தாய்மார் பிள்ளைகளை எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இருத்திவிடுவார்கள். நன்றாகப் பூசுகிறாள், கழுத்துக்கும் பூசுகிறாள். “நீயும் ஒருக்கா வந்து பாரன் பிள்ளை” என்று அவர்கள் விழாவுக்குக் கூப்பிட்டால், “வேலை கிடக்கு” என்பாள். பள்ளிக்கூடத்துப் படலைக்குள் அவள் பிறகு போகவே இல்லை. போன விழாவுக்கு நான் வீட்டில் நின்றேன். கதிரையில் இருந்த முதலாம் வகுப்புப் பிள்ளையின் நாடியைப் பிடித்து, கௌசி கேட்டாள்.

“எது மறைக்கோணும், சொல்லுங்கோ?”

பிள்ளைக்குக் கேள்வியே விளங்கவில்லை. தாயைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. 

“ஒண்டும் இல்லை அன்ரி.”

கௌசி அதை நம்பாத மாதிரி, அந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு கன்னத்தில் பெருவிரலை வைத்து மெல்லத் தடவினாள். பிறகு மற்றக் கன்னம். உண்மையாகவே ஒன்றும் இல்லை. பஞ்சை நனைத்துக்கொண்டாள்.