சிறகன் தலைகுனிந்த இதழ்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வயதிலிருந்து மாதம் தவறாமல் 'சிறகன்' படக்கதை வாங்குகிறார். பழைய இதழ்களை நானும் புரட்டியிருக்கிறேன், சகிக்காது. பறக்கும்போது சிறகனுக்கு ஒரு கையில் ஆறு விரல் இருக்கும். செத்த வில்லன் மறுமாதமே வந்து நிற்பான். கயிறு அறுந்த லிப்டைச் சிறகன் ஒற்றைக் கையில் தாங்குவான். "அறுந்தா பிரேக் தானா பிடிச்சுக்கும்டா, மடையா," என்று இவர் புத்தகத்தோடு சண்டை போடுவார். ஆனாலும் வாங்குவார்.

இருநூறாவது இதழைத் தாண்டியதும் கதை மாறத் தொடங்கியது. அடிபட்டால் சிறகனுக்கு வலித்தது. அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு முழித்தான். கேலி செய்த வாயை மூடிக்கொண்டு நானும் படிக்க ஆரம்பித்தேன். இவரோடு பதினாறு வருடம் ஜோடியாக வேலை பார்த்த நெட்டைக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படிப்பார்கள்.

ஒருவர் லிப்டின் மேல் நின்று வேலை செய்வார். மற்றவர் மோட்டார் அறையில் இருப்பார். மேலே நிற்பவர் "போடு" என்று குரல் கொடுக்காமல் சுவிட்சைத் தொடக் கூடாது. ஒருநாள் இவர் ஏதோ நினைப்பில் போட்டுவிட்டார். நெட்டைக்கு இரண்டு விரல்கள் போயின. "நான் குரலே குடுக்கல," என்றார் நெட்டை. அலுவலகத்தில் இவரைக் கேட்டார்கள். பயத்தில், "குரல் கேட்டுது," என்று சொல்லிவிட்டார். கவனக்குறைவு என்று நெட்டையை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

"போய் உண்மையச் சொல்லுங்க" என்று ஒரு வருடம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். சோறு மட்டும் இறங்கவில்லை.

அப்போதுதான் முந்நூற்று எழுபதாவது இதழ் வந்தது. அதில் சிறகன் அவசரப்பட்டு ஒரு பாலத்தை உடைத்துவிடுகிறான். பழி பாலத்துக் காவலாளி மேல் விழுகிறது. கடைசி நான்கு பக்கங்களில் சண்டையே இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காவலாளி வீட்டு வாசலில் தலைகுனிந்து நிற்கிறான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆறு விரல் வரைந்த புத்தகமா இது என்று பிரமித்துப்போனேன்.

இவர் மூன்று நாள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மேலாளரிடம் போனார், நானும் கூடவே போனேன். அங்கேயே சீட்டு கிழிந்தது. என் ஒரு வருடக் கத்தலால் நடக்காதது நாலு பக்கத்தில் நடந்துவிட்டதே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அங்கிருந்து நெட்டை வீட்டுக்குப் போனோம்.

கதவைத் திறந்த நெட்டையிடம் இவர், "நீ குரல் குடுக்கல. நான்தான் போட்டேன். ஆபீஸ்ல சொல்லிட்டேன்," என்றார்.

நெட்டை உள்ளே போனார். மிச்சமிருந்த மூன்று விரல்களில் இடுக்கிக்கொண்டு ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்தார். அதே இதழ்.

"வந்த அன்னிக்கே படிச்சிட்டேன்," என்றார். "அதுல இருந்து வாசலைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."