மிஹ்ரானும் அட்டை ரொட்டியும்

மீசைக்கு மெழுகு தடவி முறுக்கிவிட்ட பிறகுதான் மிஹ்ரான் காப்பியைத் தொடுவார். க்யூம்ரி நகரில் அவருக்குக் குழாய் ரிப்பேர் வேலை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில் துருக்கியர் எங்கள் சனத்தின்மேல் நடத்திய படுகொலையைப் பற்றி யார் படமெடுத்தாலும் துருக்கிப் போலீஸ்காரன் வேஷம் அவருக்குத்தான். அந்தப் புருவமும் மீசையும் செய்த பாவம். ஒன்பது படங்களில் எங்கள் சனத்தைப் பாலைவனத்துக்குத் துரத்தியிருக்கிறார். காய்கறிக்காரி ஹாஸ்மிக் தக்காளி நிறுக்கும்போதே, "எங்க ஊரைக் கொளுத்தினவன்தானே நீ? உனக்கு அழுகல்தான், போ" என்பாள்.

மூஷ் ஊரிலிருந்து, அப்படிப் பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டவர்களின் வரிசையில் நடந்து பிழைத்தவர் மிஹ்ரானின் தாத்தா. ஒரு படத்திலாவது தாத்தாவைப் போல வரிசையில் நடந்துவிட வேண்டும் என்று மனிதருக்குத் தீராத ஆசை. இந்தமுறை இயக்குநர் வாஹே வாக்குக் கொடுத்துவிட்டார். "இந்த ஒரு ஷாட்டை ஒழுங்கா முடிச்சுக் குடுங்கண்ணே. நாளைக்கே மீசையை எடுத்துட்டு வரிசையில நில்லுங்க."

ஒரு கிழவியின் கையிலிருக்கும் ரொட்டியைத் தட்டிவிட்டு, உதைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும். மிஹ்ரான் தட்டினார், உதைத்தார், உடனே குனிந்து ரொட்டியை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார். கீழே விழுந்த ரொட்டியை எங்களில் யாரும் அப்படியே விட்டுப் போவதில்லை. ஏழு டேக் எடுத்தார்கள். ஏழிலும் முத்தம்.

"துருக்கிப் போலீஸ்காரன் எதுக்குய்யா ரொட்டிக்கு முத்தம் குடுக்கறான்?" என்று கத்தினார் படத்தின் வரலாற்று ஆலோசகர்.

"அவங்களும் குடுப்பாங்க சார். இஸ்தான்புல்ல வேலை பார்த்தப்போ என் கண்ணால பார்த்தேன்" என்றார் மிஹ்ரான்.

"வாயை மூடுய்யா! கொலையே நடக்கலைன்னு சாதிக்கறவன், 'பாருங்க, எவ்வளவு நல்ல மனுஷங்க'ன்னு உன் படத்தையே தூக்கிக் காட்டுவான்!"

கடைசியில் அட்டையில் ரொட்டி செய்து சாயம் பூசினார்கள். "வெறும் அட்டைண்ணே இது. இதுதான் கடைசி டேக். சொதப்பினா வரிசை கிடையாது, பார்த்துக்குங்க" என்றார் வாஹே.

மிஹ்ரான் தட்டினார். உதைத்தார். அட்டை புழுதியில் போய் விழுந்தது. ஓரடி, ஈரடி, நாலடி நடந்துவிட்டார். ஆலோசகர் சந்தோஷத்தில் வாஹேயின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது அடியில் மிஹ்ரான் நின்றார். தாத்தாவின் வரிசையை ஒருமுறை ஆசைதீரப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அட்டையை எடுத்து, புழுதியை ஊதி, முத்தமிட்டு, யார் காலும் படாதபடி பக்கத்தில் படத்துக்காக நிறுத்தியிருந்த குதிரையின் சேணத்தின்மேல் வைத்தார்.