பாகத்துக்கு விழுந்தது

போலந்தில் மதியம் மூன்று மணி ஆகும்போது குன்றத்தூரில் மாலை ஆறரை. அங்கே குளிர்காலம் வந்தால் இங்கே ஏழரை. என் ஷிப்ட் நேரத்தைப் போல இதுவும் எனக்கு மனப்பாடம். சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். மற்ற பெண்கள் துணி காயப்போடுவார்கள், வீட்டுக்குப் பேசுவார்கள், கூட்டமாகக் கடைத்தெருவுக்குப் போவார்கள். நான் ஒரு நிலக்கரி ஊரின் கால்பந்து அணி ஆடுவதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த அணியை எனக்குக் கொடுத்தவர் ஒரு பெண் இன்ஜினியர். ஒரகடத்தில் நான் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புது உற்பத்தி லைன் அமைத்துத் தர அந்த ஊரிலிருந்து வந்தவர். நான் ‘மேடம்’ என்று கூப்பிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து லைன் முழுக்க அவர் ‘போலந்து அக்கா’.

கேன்டீனில் அவர் தனியாகச் சாப்பிட்டார். நானும் அப்படித்தான். மிஷினில் நிற்கும் பெண்களுக்கு நான் ஸ்டாஃப். ஸ்டாஃப் மேசையில் இருந்த ஆண்களுக்கு நான் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். அதனால் மூலை மேசை என்னுடையது. ஒருநாள் அக்கா தன் தட்டோடு அங்கே வந்தார். மூன்று மாதம் அந்த மேசையில் இரண்டு பேர் இருந்தோம்.

தயிர்சாதம் ஆறிப்போகும்வரை அவர் பேசியதெல்லாம் அந்த அணியைப் பற்றித்தான். போர் முடிந்த பிறகு, சுரங்கத் தொழிலாளர்கள் கரிக்கழிவு கொட்டிக்கிடந்த மேட்டைச் சமப்படுத்தி மைதானம் ஆக்கினார்கள். சுரங்கம்தான் அணிக்குச் சோறு போட்டது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் பெயருக்குச் சுரங்கத் தொழிலாளிகள். சம்பளம் அங்கே, வேலை பந்தோடு. ஒருவர்கூடக் கீழே இறங்கியதில்லை.

பக்கத்து மேசையில் இருந்த சூப்பர்வைசருக்கு இதை நான் தமிழில் சொன்னேன். அவர் வடக்குப்பட்டுக்காரர்.

“இன்னாம்மா சொல்ற? பந்து ஆடறவனுக்குச் சொரங்கத்துல சம்பளமா? நம்ம பசங்க எட்டு மணி நேரம் நின்னுகினு வேலை செஞ்சாலே காண்ட்ராக்டுன்றான். எனக்கு அந்த ஊருக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லு.”

அக்காவிடம் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு ஒரு வரி சொன்னார்.

“சுரங்கத்த மூடிட்டாங்களாம் சார்.”

“அதானே பாத்தேன்” என்றார் அவர். “நல்லது எங்க நெலைக்குது?”

சுரங்கத்தை மூடியதும் அணியும் மூழ்கியது. மைதானத்து விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. அதே பெயரில், அதே சட்டை நிறத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் லீக்கில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே எதிரணியில் ரொட்டிக்கடைக்காரரும் தபால்காரரும் ஆடினார்களாம். உடை மாற்ற அறை கிடையாது, வேனுக்குள்ளேயே மாற்றிக்கொள்வார்களாம். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி மூன்றாவது அடுக்குக்கு வந்திருந்தார்கள்.

எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. எங்கள் வீட்டில் பஸ் போர்டு படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், நான் இன்னும் அம்மாவின் இடுப்பு உயரம்கூட இல்லாத காலத்திலேயே, நான் கை காட்டும் பஸ்ஸில்தான் குடும்பமே ஏறும். நான் படித்துச் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அடியிலிருந்து ஏறுவது என்னவென்று எனக்குத் தெரியும். இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த அணியை என்னுடையது ஆக்கிக்கொண்டேன்.

லைன் ஓடத் தொடங்கியதும் அக்கா ஊருக்குப் போனார். போகும்போது, ஆட்டங்களை இணையத்தில் பார்க்கும் தன் கணக்கின் பாஸ்வேர்டை எனக்குக் கொடுத்தார். அவர் தன் அப்பாவோடு மைதானத்தில் இருப்பார். நான் மொட்டை மாடியில். கோல் விழுந்தால் எனக்குப் படம் வந்து சேர்வதற்கு முன்பே அவர் செய்தி வந்துவிடும். மூலை மேசையில் நான் மறுபடி தனியாகச் சாப்பிட்டேன். சனிக்கிழமை இருக்கிறது என்ற நினைப்பில் அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்தப் பருவத்தில் அணி தோற்றுக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் நான்காவது அடுக்குக்குப் போக வேண்டும். அதற்குமேல் ஒன்றையும் அக்கா எழுதியிருந்தார்: “அங்கே காமிரா வைக்க ஆள் கிடையாது. ஒளிபரப்பு இருக்காது.” அணி கீழே போனால் என் சனிக்கிழமையும் போகும் என்று அர்த்தம்.

கடைசி ஆட்டம் நடந்த சனிக்கிழமை எனக்கு ஓ.டி. கைபேசி லாக்கருக்குள். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அணியின் பக்கத்தைத் திறக்க முடிந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஸ்கோர் வரவில்லை. ஒரு படம் மட்டும் வந்தது: ஆளில்லாத மைதானம், கறுப்பு வெள்ளையில். மேலே ஒற்றைச் சொல். ஸ்பாதெக். மொழிபெயர்ப்பை அழுத்தினேன். ‘பரம்பரைச் சொத்து’ என்று வந்தது.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம் ஊரில் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாகப் போட்டால் அது கண்ணீர் அஞ்சலி. யாரோ ஒரு பழைய ரசிகர் இறந்துபோயிருக்கிறார். வாரிசு இல்லாத மனிதர். தன் சொத்தை அணிக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இனி நல்ல ஆட்டக்காரர்களை வாங்கலாம். பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போதே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: “வாழ்த்துகள் அக்கா! இறந்தவருக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் எவ்வளவு நல்ல செய்தி! உங்கள் அப்பாவிடமும் சொல்லுங்கள்.”

அறைக்கு வந்ததும் தென்காசிக்காரத் தோழியிடம் சொன்னேன், எங்கள் அணிக்குச் சொத்து வந்திருக்கிறது என்று.

“ஏட்டி, எவன் சொத்து எவனுக்கு வந்தா ஒனக்கென்னட்டி? பாதியை ஒன் பேருக்கா எழுதிட்டான்?”

“ஒனக்குச் சொன்னாப் புரியாது.”

“ஆமா, புரியாது. நீதான் பெரிய படிப்பு படிச்சவ.”

ஹாஸ்டல் வைஃபை கிடைத்தது. ஸ்கோர் வந்தது. பூஜ்யம்–இரண்டு. அந்தச் சொல்லை அகராதியில் தனியாகப் போட்டுப் பார்த்தேன். சொத்து என்ற பொருளுக்குக் கீழே மற்றவையும் இருந்தன: சரிவு, வீழ்ச்சி, கீழ் லீக்குக்கு இறங்குதல்.

என் செய்திக்குப் பக்கத்தில் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டிருந்தன.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதுவும் நீலமானது. பதில் இல்லை. கேன்டீனில் சாப்பாடு இறங்கவில்லை. நான் கை காட்டி ஏற்றிவிட்ட பஸ் வேறு ஊருக்குப் போய்விட்டது போல இருந்தது. இந்த மாதிரி ஒரு விஷயத்தை யாரிடம் சொல்ல? அம்மாவிடம் சொன்னால் முதலில் போலந்து எங்கே என்று தொடங்க வேண்டும். போனில் அம்மா, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. முதலில் ஒரு கிழவர் இருமி இருமிச் சிரிக்கும் சத்தம். பிறகு அக்கா: “இது என் அப்பா. சனிக்கிழமையிலிருந்து யாருடனும் பேசவில்லை. இன்றைக்குத்தான் உன் செய்தியைப் படித்துக் காட்டினேன். அந்தச் சொத்தை எந்த ஆபீஸில் போய் வாங்கிக்கொள்வது என்று கேட்கிறார்.” கடைசியில், “எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். நீ எழுதும்வரை நான் அதை யோசித்ததே இல்லை” என்றார்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் மொழியிலும் அப்படித்தான் என்று அவருக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். என் அப்பாவும் பெரியப்பாவும் பிரிந்தபோது அப்பா பாகத்துக்கு விழுந்தது பாறைக் காடு. வாங்கினார், கிடைத்தது என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. விழுந்தது என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். பாறைதான் தலையில் விழுந்தது போல வந்தது. அழித்துவிட்டேன்.

புதுப் பருவம் தொடங்கியது. அக்கா சொன்னபடியே ஒளிபரப்பு இல்லை. முதலில் மைதானத்திலிருந்து எழுதுவார்: “மழை. ஒன்றுக்கு ஒன்று.” பிறகு அவரை வேறு நாட்டுக்கு, வேறு லைன் அமைக்க அனுப்பிவிட்டார்கள். அங்கே போன பிறகு எனக்கும் அவருக்கும் நேரமே ஒத்துவரவில்லை. செய்திகள் குறைந்தன. இப்போது அந்த மைதானத்தில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவருடைய அப்பா இருக்கலாம். அவர் குரலில் சிரிப்பு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஆறரைக்கு மாடிக்குப் போகிறேன். ஸ்கோரை மட்டும் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு அணிகளின் பெயர், நடுவில் எண்கள், மேலே ஓடும் நிமிடம். அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை தோழி காய்ந்த துணி எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“மேட்ச்சா? படத்தைக் காணோம்?”

“எழுத்துலதான் வரும்.”

“நம்பரைப் பாத்துக்கிட்டா இருக்க இம்புட்டு நேரமா? லூசாட்டி நீ? வா, எல்லாரும் பஜாருக்குப் போறோம்.”

“நீங்க போங்க.”

“சொத்து வந்துச்சுன்னு குதிச்சியே, இதானா அது?”

“இதான்” என்றேன். “என் பாகத்துக்கு விழுந்தது.”

அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனாள். கீழே கூட்டமாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கைபேசியில் நிமிடம் அறுபத்து மூன்று; பூஜ்யம்–ஒன்று. தொட்டிக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு அறுபத்து நான்கு வரக் காத்திருந்தேன்.