'இதர' மட்டும் உள்ளே

அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். இளைய பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்கு வந்தவள். டேட்டாபேஸ் அட்டவணையில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள பத்திகளுக்கு (column) வாடிக்கையாளர்கள் வைக்கிற பெயர் செல்லுமா செல்லாதா என்று பார்க்கிற நிரல் அவள் பொறுப்பு. எண்ணில் தொடங்கினால் தள்ளிவிடும். நடுவில் இடைவெளி விட்டாலும் தள்ளிவிடும். யார் கெஞ்சினாலும் அவள் மசிய மாட்டாள்.

ஒரு கால்நடை மருத்துவமனையில் தமிழிலேயே பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். அதுவரை ஆங்கில எழுத்தை மட்டும் விட்டுக்கொண்டிருந்த விதியை, எந்த மொழி எழுத்தானாலும் சரி என்று மாற்றினாள். அவசரத்துக்கு 'இதர' என்று அடித்துப் பார்த்தாள். ஏற்றுக்கொண்டது. திருத்திய நிரலை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே மருத்துவமனை வரவேற்பாளர் போனில் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, வயதுன்னு போட்டா செல்லாதுங்குது. எடை, தடுப்பூசி எதுவுமே வேண்டாமாம். 'இதர' மட்டும் எடுத்துக்குது. எல்லா விவரத்தையும் அதுலயே கொட்டிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா, பார்த்துடறேன்."

போனில் வந்த குரல் காதில் விழ, பக்கத்து மேஜைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்குக் காது மடல் சூடேறியது. விதியை எத்தனை தடவை படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தவள், கணவனுக்குப் 'பால் வாங்கிடுங்க' என்று செய்தி அடித்தாள். வீட்டில் பால் இருப்பது ஞாபகம் வர, அழிக்க ஆரம்பித்தாள். 'பால்' மட்டும் மிச்சம். ஒரு தட்டு தட்டினாள். புள்ளி மட்டும் போய் 'பால' என்று நின்றது. இன்னொரு தட்டு, 'பா'. அடுத்த தட்டில் துணைக்கால் கழன்று வெறும் 'ப'. கை அப்படியே நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் கணக்கில் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள்; எழுத்தில் சேர்த்தியில்லை. 'இதர'வில் அப்படி எதுவும் இல்லாததால் அது தப்பித்திருந்தது.

சாப்பாட்டு டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு இருக்கைக்கு ஓடினாள். குறிகளும் செல்லும், ஆனால் பெயரின் முதலில் வரக் கூடாது என்று விதியைத் திருத்தினாள். இந்தத் தடவை மருத்துவமனைக்காரர்கள் வைத்திருந்த பெயர் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தாள்.

"இப்ப வயது வருதாம்மா?"

"வருதுங்க. எடையும் வருது. ஆனா புதுசா 'நாய்/பூனை'ன்னு ஒண்ணு வச்சேன், அதுக்கு முறைக்குது."

"அதுக்கு முறைக்கத்தான் செய்யும். சாய்கோடு கூடாது. 'இனம்'னு வைங்களேன்."

அந்தம்மா யோசித்தார். "ஆமாங்க, கிளி எல்லாம்கூட வருது. அதுவே நல்லது."

போனை வைத்தவள், ஆறிப்போன சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துச் சாப்பிட்டாள். காலையில் சிரித்தவன் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.