வெட்கத்தில் சொல்லாமல் விட்டது

எழுபதுகளில் பாகூர்ப் பக்கம் கிராமத்து நர்ஸாக இருந்தேன். இருபத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் ஆபரேஷன் முடிந்து வரும் ஆண்களிடம், இன்னும் மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள், அதுவரை கரு தங்கலாம் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. உறைகளைத் தாளில் பொட்டலம் கட்டி, முகாமுக்கு வந்தவர்களுக்கு இனாமாகக் கொடுத்த வாளிக்குள் போட்டு, "டாக்டர் சொன்ன மாதிரி செய்யுங்க" என்று குனிந்த தலை நிமிராமல் அனுப்பிவைத்தேன். டாக்டர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஐந்து மாதம் கழித்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் பக்கத்து வீட்டுக்காரர், கரும்பு வெட்டுகிறவர், அந்த முகாமுக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். இப்போது அவர் மனைவி நான்கு மாதக் கர்ப்பம். யார் பிள்ளை என்று கேட்டுப் புருஷன் வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். முந்தின நாள் அந்த மனைவி அரளி விதையை அரைத்துக்கொண்டிருந்தாளாம், இந்தப் பெண்தான் பிடுங்கிக் கொட்டியிருக்கிறாள். மத்தியானம் அவளுடைய அண்ணன்கள் வந்து அவளைக் கூட்டிப் போகிறார்கள் என்றாள்.

டாக்டரிடம் ஓடினேன். "போய் ஆறுதல் சொல்லிட்டு வா. நம்ம தப்புன்னு மட்டும் வாயத் தொறக்காத" என்றார். ஆறுதலாம். வேறு எதைச் சொல்லி அவளை ஆற்றுவது? வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் துணி மூட்டை. அதன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வேலிப் படலைப் பிடித்தபடி நின்றார். மாமியார் என்னைப் பார்த்ததும், "வூட்டு மானம் போனப்பறம் நீ இன்னாத்துக்கு வந்த?" என்றாள்.

"தப்பு என்னோடது" என்றேன். "ஆபரேஷன் பண்ணாலும் மூணு மாசம் வரைக்கும் கரு தங்கும். அதுக்குத்தான் அந்தப் பொட்டலம் குடுத்தது. வெக்கப்பட்டுக்கினு நான் சொல்லாம வுட்டுட்டேன். இது உங்க கொழந்ததான்."

அவர் என்னையே பார்த்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அத புள்ளைங்க ஊதி வெளையாடிச்சுங்க" என்றார் மெதுவாக. பிறகு, "மச்சானுங்க வந்தா, அவங்க முன்னாடியும் சொல்லுவியாம்மா?"

"சொல்றேன்."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மாமியாரும் பின்னாலேயே போனாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நிம்மதி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, இனிமேல் பயமில்லை என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பத்து நாளா நான் சத்தியம் பண்ணேன். கால்ல வுழுந்து சொன்னேன். நீ ஒரு வாட்டி சொன்ன, நம்பிட்டாரு" என்றாள். "இனிமே இந்த ஆளோட நான் எப்டி இருப்பேன்? அதுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போ."