கன்னியம்மா அக்கா நெலமும் டவுன் குப்பையும்

இதுல ஒரு வார்த்தை பொய்யினா, நான் சலிச்சி வச்ச குப்பை அத்தினியும் என் தலையிலயே கொட்டுங்க. டவுன் குப்பைய மக்க வச்சி, சலிச்சி, வண்டில ஏத்தி, விவசாயி கால்ல வுழுந்து குடுக்குறது நம்ம பொழப்பு. என்னாட்டம் இடுப்பு ஒடிஞ்சவங்களுக்குத்தான் இது புரியும்.

மொத லோடு

ஆரணி பக்கம் கன்னியம்மா அக்காவுக்கு ஒரு ஏக்கரா. மூட்டை உரமா போட்டுப் போட்டு மண்ணு சிமெண்டு தரையாட்டம் இறுகிக்கினு கெடக்கு. வேர்க்கடலை செடிய இஸ்தா செடி மட்டும் வரும், காயி உள்ளயே அந்து நின்னுக்கும். இந்த தபாவும் இப்பிடின்னா பிளாட்டு போட்டு வித்துருவேன்னு புள்ள சொல்லிட்டான். "பாதி நெலத்துல எங்க எரு போட்டுப் பாருக்கா"ன்னேன். அக்கா மூக்கப் பொத்திக்கினு கேட்டுச்சி: "ஊரே துன்னுட்டு எறிஞ்சத என் நெலம் துன்னணுமா?"

தக்காளி

மூக்கப் பொத்திக்கினே பாதி நெலத்துல எரு போட வுட்டுச்சி. கடலை போட்டு, மழை பேஞ்ச மறுவாரம் அக்காகிட்டருந்து போனு. ஓடிப் பாத்தா, கடலைக்கு நடுவுல தக்காளி, பூசணி, பப்பாளி! டவுன்ல எவன் ஊட்டு அழுகலோ, எங்க குவியல்ல சூடு பத்தாம வெதை சாவல. நாலு நாளு குனிஞ்சி நானே புடுங்குனேன். அக்கா வரப்புல குந்திக்கினு சொல்லுச்சி: "தக்காளிய மட்டும் வுட்டுடு நைனா, ரசத்துக்கு ஆவும்."

கண்ணாடி

அக்கா கால்ல கண்ணாடி கீறிடுச்சி. எனக்கு வெக்கமாப் போச்சு. அடுத்த லோட ரெண்டு தபா சலிச்சேன். பிளேடு, ஷாம்பு கவரு, ஒத்தக் கம்மலு. கூட சலிக்கிற தேவி கம்மல காதுல வச்சிப் பாத்துக்கினே சொல்லுச்சி: "போடுறவங்களுக்கு ஒரு தொட்டி போதும்ணா, நமக்குத்தான் பத்து கண்ணு வேணும்."

சீட்டு

அக்கா நெலத்து மண்ணு டெஸ்ட்டு சீட்டுல மக்குச் சத்து லேசா ஏறிக்கீதாம். நான் குஷியாயிட்டேன். "அப்ப மண்ணு சரியாயிடுச்சா மேடம்? புள்ள அடுத்த வாரம் அளக்க வரானே"ன்னேன். விவசாய ஆபீசரம்மா சிரிச்சாங்க: "ஒரு நாள் நாஷ்டால ஒடம்பு தேறுமாப்பா? வருசா வருசம் போடு."

அறுப்பு

புள்ள டேப்போட வந்து நின்னான். அக்கா பழைய பாதில ஒரு செடிய இஸ்துச்சி. வெறும் வேரு. எரு போட்ட பாதில இஸ்துச்சி. மண்ணு பொலபொலன்னு உதிர, காயி வேரோடவே வந்துச்சி. கொத்துக் கொத்தால்லாம் இல்ல, ஏழெட்டுதான். அக்கா அத புள்ள மூஞ்சிக்கு நேரா ஆட்டுச்சி: "அந்தப் பாதிய அளந்துக்கோ. இந்தப் பக்கம் டேப்ப வச்சே, உன் கைய ஒடிச்சி அதையும் மக்கப் போட்டுருவேன்."

பாதி நெலத்தக் காப்பாத்த என் இடுப்பு முழுசாப் போச்சு. கேட்டவங்க சும்மா நழுவாம துட்ட எடுங்க, இல்லாதவங்க ஆளுக்கு ஒரு பக்கெட்டு வாழப்பழத் தோலாவது குடுத்துட்டுப் போங்க.