மோனோகிராம் பிரித்த பகல்

எம்பிராய்டரி கடை நடத்தும் அவரைத் தெருவில் எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். புருஷனைப் பிரிந்து வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்தது தையல் மெஷினை மட்டும்தான்.

கல்யாணம் நின்றுபோன ஒரு பெண் தலையணை உறைகளோடு அவரிடம் வந்தாள். அவளுடைய முதல் எழுத்தையும் மாப்பிள்ளையின் முதல் எழுத்தையும் பின்னி அவற்றில் தைத்துக் கொடுத்தவர் ஊசியக்காதான்.

"அவர் எழுத்த மட்டும் பிரிச்சிடுங்கக்கா."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருக்கும்மா. அத அறுத்தா உன் எழுத்தும் அவிழ்ந்துடும்."

"இதுக்கு ஏன்க்கா மோனோகிராம்னு பேரு?"

"கிரேக்க வார்த்தையாம். மோனோன்னா ஒண்ணு, கிராம்மான்னா எழுத்து. எல்லாம் பின்னி ஒரே எழுத்தா ஆகுறது."

"மோனோன்னா தனியாங்கிற அர்த்தமும் இருக்குல்ல?"

ஊசியக்கா கத்தரியைக் கீழே வைத்தார். "இருக்கு. தனியா இருக்கிறது பழகிடும்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அவள் இரண்டு எழுத்தையுமே பிரிக்கச் சொன்னாள். அக்கா அறுக்க அறுக்க, பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறுகளைப் பொறுக்கினாள். துணியில் ஊசித் துளைகள் எழுத்தின் வடிவிலேயே தெரிந்தன.

"துவைச்சா போயிடுமா?"

"பாதி போகும்."

உறைகளை மடித்து வைத்த பிறகும் வீட்டுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கடை மூடும்வரை அங்கேயே இருந்தாள்.